விளக்கு 214

எனக்குச் சண்டை போட ஆள் இல்லாமல் போய் இரண்டு வருடம் ஆகிறது. என் வீட்டுக்காரர் தோலெகென் இறந்து இரண்டு வருடம் என்று ஊரார் சொல்வார்கள், நான் இப்படித்தான் சொல்வேன். முப்பத்தெட்டு வருடம் நான் வாயைத் திறந்தால் அந்த மனிதர் எதிர்ப்பேச்சு பேசினார். நாளைக்குப் பனி கொட்டும் என்றால் கொட்டாது என்பார். டிவியில் வானிலை சொல்கிற பெண்ணும் கொட்டும் என்றால், நானும் அவளும் கூட்டுச் சேர்ந்துவிட்டோம் என்பார். மறுநாள் கொட்டினால் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒரு பனியா?" என்பார்.

இப்போது நான் சொல்வதை எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். மகன் அத்திராவ் பக்கம் எண்ணெய் வயலில் இருக்கிறான். ஞாயிறு தவறாமல் கூப்பிடுவான், எதைச் சொன்னாலும் "சரிம்மா" என்பான். ஒரு தடவை சோதித்துப் பார்க்கலாம் என்று, ஒரு குதிரை வாங்கி நாலாவது மாடியில் கட்டப்போகிறேன் என்றேன். "சரிம்மா, உடம்பப் பாத்துக்கோங்க" என்றான். மருந்துக் கடைக்காரி தலையாட்டுகிறாள். பஸ்ஸில் ஏறினால் எழுந்து இடம் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். மரியாதையில் மூச்சு முட்டுகிறது எனக்கு.

பக்கத்து வீட்டுக்கு மருத்துவம் படிக்கிற பெண்கள் மூன்று பேர் வாடகைக்கு வந்தார்கள். எங்கள் கட்டடத்தில் சுவர் என்று இருப்பது பேருக்குத்தான். வியாழக்கிழமை மாலை எட்டு மணிக்கு மூன்றும் சேர்ந்து ஒரே அலறல். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கரண்டியை எடுத்து வெந்நீர்க் குழாயில் நாலு தட்டு தட்டினேன். பதிலுக்கு அவர்களும் தட்டுவார்கள், கதவைத் திறந்து கத்துவார்கள், ஒரு மாலைப் பொழுது நன்றாகப் போகும் என்று பார்த்தால், "மன்னிச்சிடுங்க!" என்று சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் வந்தது. அதோடு அடங்கிவிட்டார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

அடுத்த வியாழக்கிழமை, எதற்குத்தான் இப்படி அலறுகிறார்கள் என்று டிவியைப் போட்டு, சுவரில் கேட்ட சத்தமும் திரையில் வந்த சத்தமும் ஒன்றாகும்வரை சானலை மாற்றினேன். "ஏழாவது வாசல்" என்று ஒரு தொடர். புல்வெளிக்கு அடியில் கைவிட்ட நிலக்கரிச் சுரங்கமாம், அதில் ஏழு வாசலாம், ஒவ்வொன்றையும் இருபது வயதுகூட ஆகாத ஒரு பையனோ பெண்ணோ காக்கிறார்களாம். பேய் வருகிறது, முத்தம் வருகிறது, எல்லோருக்கும் தலைமுடி நெற்றியில் விழுகிறது. அணைத்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் அந்தப் பிள்ளைகள் சுரங்கத்துக்குள் தலைவிளக்கைப் பிடித்திருந்த விதம் அப்படியொரு அபத்தம். அதைப் பார்த்து எரிச்சல்பட்டே முழுதும் பார்த்துவிட்டேன்.

எரிச்சல்படாமல் எப்படி? இருபத்தாறு வருடம் எங்கள் கரகந்தி நிலக்கரிச் சுரங்கத்தின் விளக்கறையில் வேலை பார்த்தவள் நான். இறங்குகிறவனுக்கு அவன் எண்ணுள்ள விளக்கைக் கொடுப்பேன், ஏறி வந்தால் திருப்பி வாங்கி மாட்டுவேன். ஷிப்டு முடிந்து ஒரு கொக்கி காலியாக இருந்தால் ஓர் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். தோலெகெனின் விளக்கு 214. அவரை நான் தெரிந்துகொண்டதே விளக்கறை ஜன்னல் வழியாகத்தான். "கண்ணாடியச் சரியாத் தொடைக்கல" என்பதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

ஐந்தாவது வாரம், தெமிர் என்கிற மூன்றாம் வாசல் காவலன் தன் விளக்கைக் கழற்றி சாபிரா என்ற பெண்ணிடம் கொடுத்துவிட்டு இருட்டுக்குள் நடந்து போனான். சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று பேரும் உருகினார்கள். "முட்டாப் பயலே! வெளக்க யாராவது கொடுப்பானா?" என்று கத்திவிட்டு, பழக்கத்தில் சோபாவின் இடது பக்கம் திரும்பினேன். கொடுக்கலாம் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. அவரை அடக்கம் செய்த அன்றுகூட நான் அவ்வளவு அழவில்லை.

மறுநாள் காலை கீழ்வாசல் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. "ஏழாவது வாசல், கரகந்தி ரசிகர்கள், வாங்க" என்று எழுதி, கீழே கறுப்புக் கட்டம் போட்ட சதுரம். சந்தையில் பீட்ரூட் வாங்கினாலும் அப்படி ஒரு சதுரத்தைப் படம் பிடித்துத்தானே பணம் கட்டுகிறோம். போனை நீட்டினேன், குழுவுக்குள் போய்விட்டேன். பெயர் கேட்டது. விளக்கு 214 என்று போட்டேன். வயது கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நான் போட்ட முதல் செய்தியே இதுதான்: "தெமிர் பண்ணது வடிகட்டின முட்டாள்தனம். வெளக்கு இல்லாதவன் செத்தவன்."

கூரம்பு என்ற பெயரில் ஒரு பதில் பாய்ந்து வந்தது. "டேய் வெளக்கு, ஒனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்ல அங்கயும் பேட்டரியா?"

உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றுவிட்டேன். "மனசு இருக்கு, கூடவே மூளையும் இருக்கு. ஒனக்கு ரெண்டாவது இல்லபோல" என்று எழுதினேன்.

"மூளை கெட்டவனே, அது காதல்டா!"

"காதல்னா ரெண்டு பேரும் ஒரு வெளக்குல போக வேண்டியதுதான? நடக்கத் தெரியாதா?"

"ஐயோ, இவன யாராவது தூக்கிக் கெணத்துல போடுங்களேன்!"

அன்றைக்கு எனக்கு மதியச் சாப்பாடு மறந்துபோனது. அப்புறம் தினமும் சண்டைதான். காலையில் எழுந்ததும் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு கூரம்பு என்ன திட்டியிருக்கிறது என்று பார்ப்பேன். குழுவில் இருந்த நாற்பது பேரில் பாதி என் பக்கம் வந்தார்கள், பாதி என்னைக் கழுவி ஊற்றினார்கள். வெகு நாளைக்குப் பிறகு சூப்புக்கு மாவைத் தேய்த்து அறுத்துப் போட்டுச் சமைத்தேன். வாய்க்கு மறுபடியும் ருசி தெரிந்தது.

ஒன்பதாவது வாரம் தெமிர் செத்தான். விளக்கில்லாமல் போனவன் வேறென்ன ஆவான்! குழு முழுக்க அழுகை. மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிதோறும் தோலெகெனுக்காக ஏழு ஷெல்பெக் ரொட்டி பொரிப்பது வழக்கம், அந்த எண்ணெய் மணம் இறந்தவர்களைப் போய்ச் சேரும் என்பார்கள். மாவைப் பிசையும்போது, பாவம், அந்தப் பையனுக்கு யார் இருக்கிறார்கள், தொடரில் அவன் அநாதை ஆயிற்றே என்று தோன்றியது. எண்ணெய் மணம் எழும்பும்போது அவன் பெயரையும் சேர்த்துச் சொன்னேன். ஏழையும் தட்டில் அடுக்கிப் படமெடுத்து, "தெமிருக்குப் பொரிச்சேன். போய்ச் சேரட்டும்" என்று குழுவில் போட்டேன். என் தவறு அங்கேதான்.

பொரித்ததை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள முடியாது, கொடுத்தாக வேண்டும். தட்டோடு பக்கத்துக் கதவைத் தட்டினேன். குட்டையான ஒரு பெண் திறந்தாள், இன்கார் என்று பெயர். முகம் அழுது வீங்கியிருந்தது, கையில் போன்.

"யாருக்கு அபை?" என்று, மூத்தவளைக் கூப்பிடும் முறையில் கூப்பிட்டு, வழக்கப்படி கேட்டாள்.

"என் வீட்டுக்காரருக்கு. கூடவே... இன்னொரு பையனுக்கும்."

அவள் தட்டைப் பார்த்தாள். பஞ்சுப்பூ போட்ட நீலத் தட்டு எந்த வீட்டில்தான் இல்லை? ஆனால் என் தட்டில் ஓரம் உடைந்திருக்கும். போனைப் பார்த்தாள், மறுபடி தட்டைப் பார்த்தாள்.

"வெளக்கு... நீங்களா?"

"நீ யாரு?"

"கூரம்பு" என்றவள் வாயைப் பொத்திக்கொண்டாள். காது வரைக்கும் சிவந்துபோனது. "ஐயோ அபை, நான் ஒங்கள மூளை கெட்டவனேன்னு..."

"அதுல என்ன? நான் ஒன்ன அதுக்கு மேல சொல்லியிருக்கேன். சரி, இன்னைக்கு என்ன சொல்ற, தெமிரு முட்டாளா இல்லையா?"

"நீங்க சொன்னா சரிதான் அபை" என்றாள்.

என் காலுக்குக் கீழே தரை இறங்கிவிட்டது.

சாயங்காலத்துக்குள் நாற்பது பேருக்கும் தெரிந்துவிட்டது. வரிசையாக மன்னிப்பு. குழுவை நடத்துகிறவள் இன்கார்தான். எனக்கு எதிராக எழுதிய அத்தனையையும் தேடித் தேடி அழித்துவிட்டாள். நான் எழுதியவை மட்டும் அப்படியே நின்றன. "ஒனக்கு ரெண்டாவது இல்லபோல." "நடக்கத் தெரியாதா?" மேலிருந்து கீழ்வரை படித்துப் பார்த்தேன். ஒரு கிழவி காற்றோடு சண்டை பிடித்திருக்கிறாள்.

அடுத்த வியாழக்கிழமை தொடர் பார்க்க என்னைத் தங்கள் வீட்டுக்கே அழைத்தார்கள். சந்தோஷமாகத்தான் போனேன். கதவுக்கு எட்டத்தில், பெரியவர்களை உட்காரவைக்கிற இடத்தில், ஒரே ஒரு நாற்காலி போட்டு முதுகுக்குத் திண்டு வைத்திருந்தார்கள். அவர்கள் மூவரும் தரையில், ஒரே கம்பளிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு. கோப்பையில் மரியாதைக்குக் கொஞ்சமாகத் தேநீர் ஊற்றி இரண்டு கையால் கொடுத்தார்கள், குடித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்தது. எல்லாம் முறைப்படி. திரையில் ஐந்தாம் வாசல் இடிந்து விழுந்தது, ஒருத்தியும் அலறவில்லை. நான் இருக்கிறேனாம். தொடர் முடிந்ததும் உள்ளங்கைகளை ஏந்தி, "பரீட்சை வருது, ஆசி குடுங்க அபை" என்றார்கள். கொடுத்தேன். நன்றாகப் படிக்கட்டும், வயதான பிறகும் எதிர்த்துப் பேச ஓர் ஆள் பக்கத்தில் இருக்கட்டும் என்றேன். ஆமின் என்று மூன்று பேரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். நான் என் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பும் கூச்சலும் ஆரம்பித்தன.

சனிக்கிழமை மதியம் பொறுக்க முடியாமல் குழுவில் எழுதினேன். "யோசிச்சுப் பாத்தேன். தெமிரு வெளக்கக் கொடுத்ததுதான் சரி. சுரங்கத்துல எல்லாருமே அப்படிக் கொடுத்திடணும்." இதைவிடப் பெரிய உளறல் என்னால் முடியாது. இத்தனை நாள் கூவியதற்கு நேர் எதிர். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

"அருமையாச் சொன்னீங்க அபை."

"முன்னாடி சொன்னதும் சரி, இப்ப சொல்றதும் சரி."

"அனுபவம்னா இதுதான்."

அதற்குக் கீழே வரிசையாக இதயங்கள்.

தோலெகெனின் போன் ஜன்னல் ஓரத்தில்தான் இருக்கும். அந்த எண்ணை இன்னும் நிறுத்தவில்லை. தினமும் சார்ஜ் போடுவேன், ஏன் என்று கேட்க ஆள் இல்லை. அதை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, பாதி கிழிந்திருந்த அந்தக் காகிதத்தின் சதுரத்தைப் படம் பிடித்தேன். பெயர் கேட்டதும் தோலெகென் என்றே போட்டேன். மேலே வந்து, சோபாவில் இடது பக்கம், அவர் இடத்தில் உட்கார்ந்தேன். என்ன எழுதுவது என்று யோசிக்கவே இல்லை, அவர் பேச்சு எனக்கு மனப்பாடம்.

"இந்தக் கெழவிக்கு ஒண்ணும் தெரியாது. வெளக்கக் கொடுத்தவன் முட்டாள். இவ சொல்றதக் கேட்டா நாளைக்கு ஒருத்தனும் மேல வர மாட்டான்."

குழு பற்றிக்கொண்டது.

"யாரப் பாத்துடா கெழவிங்கிற?"

"நீ என்னத்தக் கண்ட? அவங்க சுரங்கத்துலயே வேல பாத்தவங்க!"

"நானும் சுரங்கத்துலதான் இருந்தேன், முப்பது வருஷம்" என்று எழுதினேன். சிரிப்பு வந்தது. "அவ வெளக்குக் கண்ணாடியக்கூடச் சரியாத் தொடைக்க மாட்டா."

"வாய மூடுறா கெழட்டுப் பயலே!" அது கூரம்பு. இத்தனை நாள் சண்டையிலும் பார்க்காத வேகம். எத்தனை நாள் ஆயிற்று அந்தக் குரலைக் கேட்டு! பதிலுக்கு என்ன சொல்லலாம் என்று நான் மகிழ்ச்சியாக யோசித்துக்கொண்டிருக்கும்போதே போனில் ஒரு வரி வந்தது. நீங்கள் இந்தக் குழுவிலிருந்து நீக்கப்பட்டீர்கள்.

கதவு தட்டும் சத்தம். இன்கார் மூச்சிரைக்க நின்றாள்.

"அபை, நீங்க ஒண்ணும் வருத்தப்படாதீங்க. எவனோ ஒருத்தன் ஒங்களத் திட்டுனான். தூக்கி வெளிய போட்டுட்டேன்."

"போட்டிருக்கக் கூடாதுடி. அவரு சொன்னதுதான் சரி. நான் சொன்னது உளறல்."

"நீங்க உளறுவீங்களா அபை?"

"உளறுவேன்! இன்னைக்கு உளறியிருக்கேன். அவர உள்ள விடு."

அவள் என்னையே பார்த்தாள். கண் கலங்கியது. ஒரு கணம், இப்போது எதிர்த்துச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கையை நீட்டி என்னைக் கட்டிக்கொண்டாள்.

"ஒங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு அபை" என்றாள்.

அவள் போன பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் தோழிகளிடம் சொல்வது கேட்டது. "அபை அவன மன்னிச்சிட்டாங்கடி."

மன்னித்தேனாம். முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு நாளும் நான் அவரை மன்னித்ததில்லை. மன்னித்துவிட்டால் மறுநாள் காலையில் எதைப் பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்?