மேடத்துக்குக் கடிக்க ஒன்று

மேடம் மறுபடியும் ஜன்னல் சட்டத்துக்கே போய்விட்டது.

செட்ரிக் கூண்டிலிருந்து அவிழ்த்த தைலமரக் குச்சியை மேசைமேல் வீசினார். அந்தக் குச்சிக்காகத்தான் காலையில் தென்கிழக்குக் காற்றில் மணலைத் தின்றுகொண்டு ரயில்பாதை ஓரம் வரை நடந்திருந்தார். மருந்தடிக்காத கிளையாகப் பார்த்து ஒடித்து, கழுவி, இலையோடும் பட்டையோடும் கூண்டில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். மேடம் அதை ஒரு கண்ணால் பார்த்தது. திரும்பி மறு கண்ணால் பார்த்தது. அதன்மேல் எச்சமிட்டது. பிறகு பறந்து போய்ச் சமையலறை ஜன்னலில் உட்கார்ந்து பழைய பெயிண்டைச் செதில் செதிலாகப் பெயர்க்க ஆரம்பித்தது.

"கடி. நல்லாக் கடி. உன் அப்பன் கட்டின வீடு பாரு."

மேடம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற மஞ்சள் பட்ஜிக் கிளி. பெட்டை. மனைவி யூனிஸ் வைத்த பெயர். காலையில் கூண்டுக் கதவைத் திறந்துவிட்டு, "மேடம், இன்னிக்கு என்ன சமைக்கலாம்?" என்று அவள் கேட்பதும், அது கழுத்தைச் சாய்ப்பதும், பதில் கிடைத்தவள்போல் அவள் உருளைக்கிழங்கை எடுப்பதும் தினமும் நடக்கும். இந்த ஊருக்குக் குளிர்காலமான ஆகஸ்டில் யூனிஸ் போய்ச் சேர்ந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கும்போதுகூட, தண்ணியை மாத்து, தினைக் கிண்ணத்துல உமியை ஊதிவிடு, கதவைத் திறந்துவிடு என்றெல்லாம் சொன்னாள். கடிக்க என்ன கொடுப்பது என்பதை மட்டும் சொல்லவில்லை. செட்ரிக்குக் கோபமெல்லாம் அதில்தான். செத்தவளிடம் போய்ச் சண்டை போடவும் முடியாது.

"யாரோட சண்டை? வீட்டுல ஒத்தை ஆளாத்தானே இருக்கே?"

சுற்றுச்சுவருக்கு மேலே பக்கத்து வீட்டுச் சாலி அண்ணனின் தொப்பி தெரிந்தது. கொல்லைப்புறத்தில் அறை அளவுக்குக் கூண்டு கட்டிப் பட்ஜி வளர்ப்பவர்.

"மேடத்தோடண்ணே."

"பொம்பளைகிட்ட வாயைக் குடுத்து ஜெயிச்சவன் இந்தத் தெருவுல எவன் இருக்கான். இரு, வர்றேன்."

வந்தவர் பறவையைப் பார்க்கவில்லை. குனிந்து கூண்டின் அடியில் விரித்திருந்த செய்தித்தாளைப் பார்த்தார். பார்த்ததும் கிண்டல் போய்விட்டது.

"எச்சம் தண்ணியா இருக்கு. பச்சையா வேற இருக்கு. இது பெயிண்ட் பண்ற வேலை. அந்தக் காலத்துப் பெயிண்டுல ஈயம் இருக்குப்பா. பழைய கதவுப் பலகையை வெச்சு நான் ஒரு பெட்டி அடிச்சேன், ஞாபகம் இருக்கா? ரெண்டு போச்சு. தலையைத் தொங்கப் போட்டுச்சு, அப்புறம் கீழே கிடந்துச்சு."

"அடைச்சு வெச்சா தன் இறகைத் தானே பிடுங்கிக்கிறா. திறந்து விட்டா இதைத் தின்னுறா. நான் என்னண்ணே பண்றது?"

"பெட்டைக்கு அலகு சும்மா இருக்காது. காட்டுல மரப்பொந்தைக் குடைஞ்சு முட்டையிடற ஜாதி. கடிக்க ஏதாவது குடு."

இந்த வாசகத்தைக் கேட்டுக் கேட்டு செட்ரிக்குக் காது புளித்திருந்தது.

"குடுக்காத சாமான் என்ன இருக்கு, சொல்லுங்க. கணவாய் ஓடு குடுத்தேன். ஸ்ட்ராண்ட்ஃபான்டெய்ன் கடற்கரையில பொறுக்கி, உப்புப் போக ஊற வெச்சு, வெயில்ல காய வெச்சுக் குடுத்தேன். பீர்க்கங்கூடு. அட்டைச் சுருள். நீங்க குடுத்த வில்லோ மரக் குச்சி. எல்லாத்துக்கும் இந்த ஒரே பார்வைதான்." மேசை இழுப்பறையைத் திறந்து, வண்ண வண்ண மரக்கட்டைகளும் மணியும் கோத்த ஒரு பொம்மையை எடுத்துப் போட்டார். "இது கடையில வாங்கினது. ஒரு வாரக் கறிக்காசு."

சாலி அண்ணன் கட்டையை நக்கிப் பார்த்தார். நாக்கில் நீலம் ஒட்டியது.

"சாயம் போகுது. மணி துத்தநாகம், அதுவும் விஷம். நல்லவேளை, உன்னைவிட அவளுக்கு அறிவு இருக்கு." அந்த நீல நாக்கோடேயே மெல்லச் சொன்னார்: "என்கிட்ட குடுத்துடு செட்ரிக். கூட்டத்தோட இருந்தா பழக்கம் மாறும். இங்கேயே இருந்தா ஒரு நாள் காலையில நீயே குழி தோண்டுவே."

அண்ணன் வீட்டுக் கூண்டில் மஞ்சளே பத்துப் பதினைந்து இருந்தது. அதற்குள் போய்விட்டால் மேடம் எது என்று யாராலும் சொல்ல முடியாது. யூனிஸ் கேட்ட கேள்விக்குக் கழுத்தைச் சாய்த்த பறவை இதுதான் என்று எதைக் காட்டுவார்?

"அடுத்த ஞாயிறு வரைக்கும் பாக்கிறேண்ணே. அப்பவும் பெயிண்டைத் தின்னா, நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்க."

ஜன்னல் சட்டத்துக்கு அட்டை ஒட்டினார். மேடம் கதவு நிலைக்குப் போனது. அதற்கும் ஒட்டினார். அலமாரி விளிம்புக்குப் போனது. ஒட்டுநாடா தீர்ந்துபோனது.

திங்கட்கிழமை ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தபோது சமையலறை அமைதியாக இருந்தது. மேடம் அங்கே இல்லை. செட்ரிக் ரொட்டியை மேசைமேல் போட்டார். தரையையெல்லாம் பார்த்தார், அடுப்புக்குப் பின்னால் பார்த்தார். முன்னறையிலிருந்து சின்னதாக ஒரு சத்தம், யாரோ நகம் வெட்டுவதுபோல. இயேசு சீடர்களோடு பந்தியிருக்கும் படத்தின் சட்டத்துமேல் மேடம் உட்கார்ந்திருந்தது. படத்துக்குப் பின்னால் செருகியிருந்த குருத்தோலைச் சிலுவையை இழுத்துப்போட்டு, மடிப்பு மடிப்பாகப் பிரித்து, நார் நாராகக் கிழித்துக்கொண்டிருந்தது. கண் பாதி செருகியிருந்தது. இத்தனை மாதத்தில் அந்தப் பறவை இப்படி லயித்து அவர் பார்த்ததில்லை.

"அடிப்பாவி, அது மந்திரிச்சதுடி."

போன குருத்தோலை ஞாயிறன்று ஃபாதர் கையிலிருந்து யூனிஸ் வாங்கிவந்த சிலுவை. தன் கையாலேயே செருகி வைத்தாள். சாம்பல் புதனுக்கு முன்னால் பழைய சிலுவைகளைக் கோயிலில் ஒப்படைக்க வேண்டும். அவற்றை எரித்த சாம்பலைத்தான் நெற்றியில் பூசுவார்கள். இதை மட்டும் கொடுக்காமல் வைத்துக்கொள்ளலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். இனி யோசிக்க ஒன்றுமில்லை. தண்டு மட்டும் மிஞ்சியிருந்தது. மற்றதெல்லாம் தரையில் தினை உமியோடும் இறகோடும் எச்சத்தோடும் கிடந்தது.

ஆசீர்வதித்த பொருளைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. பெருக்கவும் மனம் வரவில்லை. செட்ரிக் யூனிஸின் புருவச் சாமணத்தை எடுத்துக்கொண்டு முழங்காலில் உட்கார்ந்து, எது ஓலை, எது உமி என்று பார்த்துப் பார்த்து ஒரு தேநீர்த் தட்டில் பொறுக்கிப் போட்டார். பஸ் டிப்போவில் முப்பது வருஷம் இஞ்சின் கழற்றிய விரல்கள். நார் வழுக்கி வழுக்கி விழுந்தது. மேடம் மேலேயிருந்து இன்னும் கொஞ்சம் போட்டது.

சரி, ஓலைதானே வேண்டும்? நூலகத்துக்கு எதிரே நிற்கிற பேரீச்சை மரத்தில் மாலையிலேயே ஒரு மட்டையை அறுத்தார். முள் உள்ளங்கையில் ஏறியது. கழுவி, கீற்றாகக் கிழித்துத் தொங்கவிட்டார். ஒரு கண், மறு கண். அவ்வளவுதான். மடித்துத் தந்தால்தான் மேடம் பிரிக்கும் என்று புரிந்தபோது அவருக்கு ஓலையைச் சுவரில் அடிக்க வேண்டும்போல் இருந்தது. மடித்துப் பார்த்தார். முதல் முடிச்சுப் போடுவதற்குள் கீற்று விரிந்துகொண்டது. இருபது வருஷம் தன் வீட்டு மேசையில் யூனிஸ் கோயிலுக்காக மடித்ததை எதிரே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே பார்த்திருக்கிறார். எந்த விரல் எங்கே போனது என்று ஒரு நாளும் பார்க்கவில்லை.

மறுநாள், சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாய், கோயில் கூடத்தில் தாய்மார் சங்கத்துப் பெண்கள் பட்டைச் சர்க்கரை தூவிய பான்கேக் சுட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். வாசலருகே பழைய சிலுவைகளை வாங்கிப் போடுகிற பெட்டியோடு சங்கத்தின் தலைவி ஹெஸ்டர் உட்கார்ந்திருந்தாள். செட்ரிக் ஒரு கையில் ஓலைப் பையும் மறு கையில் தேநீர்த் தட்டுமாகப் போய் நின்றார்.

"இது என்ன செட்ரிக்?"

"சிலுவை அக்கா. யூனிஸோடது."

ஹெஸ்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள். "இதுல தினை இருக்கு."

"முடிஞ்ச மட்டும் பொறுக்கினேன்."

"இதையா நாளைக்கு ஃபாதர் என் நெத்தியில பூசப் போறாரு?"

"எரிச்சாச் சுத்தமாயிடும் ஹெஸ்டர்," என்று அடுப்படியிலிருந்து ஒரு குரல் வந்தது. "உன் நெத்திக்கு அது போதும்." கூடமே சிரித்தது. செட்ரிக்கும் சிரிக்க முயன்றார், வரவில்லை. நடந்ததைச் சொன்னார். பையிலிருந்து ஒரு கீற்றை எடுத்து நீட்டினார்.

"மடிக்கச் சொல்லித் தாங்க. சிலுவை வேண்டாம். கிளி கடிக்கறதுக்குச் சிலுவையைக் குடுக்க முடியாது. சும்மா ஒரு முடிச்சு."

ஹெஸ்டர் தயங்கினாள். பிறகு மடித்தாள். விரல்கள் தாமாகவே ஓடின. சிலுவை வந்தது. "ச்சே." பிரித்து மறுபடி மடித்தாள். மறுபடியும் சிலுவை. இன்னொரு கீற்று, இன்னொரு சிலுவை. "என் கை கேக்க மாட்டேங்குது. நடுவுல நிக்கத் தெரியலை. எல்லாம் இப்படியே வந்து தொலையுது." எரிச்சலில் கீற்றை மடியில் போட்டாள். "நீ யூனிஸ்கிட்ட கேட்டிருக்கணும். அவளுக்குத்தான் பாதி கோணிக்கும்."

"யாருக்கு?"

"உன் பொண்டாட்டிக்குத்தான். எங்கள்ல வேகம் அவதான், அதைச் சொல்லணும். ஆனா இங்க கூடத்துல சேர்ந்து மடிக்கறப்போ வருஷா வருஷம் ஒரு குவியல் கோணிக்கும். ஒரு கை மேலே போகும், ஒரு கை கீழே போகும், சிலுவைன்னே சொல்ல முடியாது. அதை ஃபாதர் முன்னாடி வைக்க முடியுமா? வெட்கப்பட்டுக்கிட்டு மேலங்கிப் பையில திணிச்சு வீட்டுக்குக் கொண்டு போயிடுவா. கண்ணு மங்குது பாவம்னு நான்தான் அவளுக்காக ஜெபம் பண்ணேன்."

செட்ரிக் தேநீர்த் தட்டைப் பெட்டிமேல் வைத்தார். யூனிஸின் துணிமணிகளை ஒழித்தபோது அவள் தங்கை ஒரு பை நிறையக் காய்ந்த ஓலைக் குப்பை என்று தொட்டியில் கொட்டியது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. கூண்டுக்கு அடியில் எப்போதும் கிடந்த நாரை அவர் வைக்கோல் என்றே நினைத்திருந்தார்.

"அவ கண்ணாடி போடாம ஊசி கோப்பாக்கா," என்றார். "கடைசி வரைக்கும் கோத்தா."

ஹெஸ்டர் அவரைப் பார்த்தாள், மடியிலிருந்த நேரான சிலுவைகளைப் பார்த்தாள். முகம் சிவந்தது.

"கள்ளி," என்றாள். "எத்தனை வருஷ ஜெபம்." பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உட்காரு. முதல் முடிச்சையாவது காட்டறேன். அதுக்கு மேல நீயே கெடுத்துக்கோ," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து செட்ரிக் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தபோது சாலி அண்ணன் மூடிவைத்த சின்ன மரப்பெட்டியோடு வந்தார். மேசையெல்லாம் கீற்று. மேடம் சர்க்கரை டப்பாமேல் நின்று, முறுக்கிக்கொண்ட ஒரு ஓலை முடிச்சை நார் நாராக உரித்துக்கொண்டிருந்தது. சாலி அண்ணன் கூண்டுக் காகிதத்தைக் குனிந்து பார்த்தார்.

"கெட்டியாகுது," என்றார். "இன்னும் கொஞ்சம் பச்சை இருக்கு. போயிடும்." பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஜன்னல் பக்கம் போறாளா?"

"எங்க போறா? நான் ஒண்ணை மடிக்கறதுக்குள்ள மூணைப் பிரிச்சுட்டுக் கத்தறா. கையெல்லாம் கிழிஞ்சு போச்சு. யூனிஸ் எப்படித்தான் சமையலும் பண்ணிக்கிட்டு இதையும் பண்ணாளோ."

முடித்ததை மேசைமேல் வைத்தார். சாலி அண்ணன் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது நல்லா வந்திருக்கே. ரெண்டு கையும் நேரா இருக்கு."

"அதாண்ணே பிரச்சினை." செட்ரிக் அதை வெடுக்கென்று வாங்கிப் பிரித்தார். "காலையிலிருந்து எல்லாம் தானாக் கோணுச்சு. இப்ப கை பழகிடுச்சு போல, நேரா வருது. நேரா வந்தா அவளுக்குக் குடுக்க முடியாது. வேணும்னே கோணலாப் பண்றது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?"

ஒரு கையை மேலே இழுத்தார். மடிப்பு விட்டுப்போனது. மறுபடி மடித்து இன்னொரு கையைக் கீழே வளைத்தார். மேடம் டப்பாவிலிருந்து இறங்கி வந்து, முடியும்வரை காத்திருக்காமல், மறுமுனையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தது.

"இரு," என்றார் செட்ரிக். "இருடி, ஒரு நிமிஷம்."