ஆறாம் வார்டின் இருநூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள்

ஆல்டர்பி பொது மருத்துவமனை வானொலியின் வரலாற்றை இரண்டு பக்கத்துக்குள் எழுதித் தரும்படி நிர்வாகக் குழுவிடமிருந்து கடிதம் வந்து ஒன்பது நாளாகிவிட்டது. செயலாளர் க்ளெனிஸ் ஹார்க்ரீவ்ஸ் இன்னும் முதல் வாக்கியத்தைத் தாண்டவில்லை. தாண்டவிடாமல் எதிரே உட்கார்ந்திருந்தார் தலைவர் க்ளிஃபோர்ட் ஆர்மராட்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொண்ணுல தொடங்கினதுன்னு மொட்டையா எழுதினா எப்படிம்மா? அன்னிக்கு என்ன மழை தெரியுமா? கால்பந்து மைதானத்துல நான் ஒரு கையில குடை, ஒரு கையில டெலிபோன். ஒரு கோல் விடாம ஆஸ்பத்திரிக்குச் சொன்னேன்."

"எத்தனை கோல்?"

"கோல் விழலை. அதுவா முக்கியம்?"

"க்ளிஃபோர்ட், ரெண்டு பக்கம்தான் கேட்டிருக்காங்க."

"அப்ப மழையை மட்டுமாவது வை."

க்ளெனிஸ் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பத்து வரை எண்ணினாள். முப்பது வருடம் பள்ளிக்கூட அலுவலகத்தில் பெற்றோருக்குக் கடிதம் எழுதியவள் அவள். எந்தக் கடிதத்துக்கும் நகல் எடுத்து, தேதி போட்டு, கோப்பில் சேர்த்த பிறகுதான் அவளுக்குத் தேநீர் இறங்கும். க்ளிஃபோர்டோ பேருந்துப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் கேட்கப் போன இடத்திலேயே கதை சொல்லிப் பேருந்தைத் தாமதப்படுத்தியவர் என்று ஊரில் பேச்சு.

விஷயம் விளையாட்டில்லை. சலவைக்கூடத்தை ஒட்டி வானொலி நடக்கும் இந்த ஒற்றை அறையைச் சக்கர நாற்காலி நிறுத்த எடுத்துக்கொள்ளப் போவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம். முப்பத்தைந்து வருடமாக நிலையம் ஒழுங்காக நடக்கிறது, நோயாளிகள் கேட்கிறார்கள் என்று எழுத்தில் காட்டினால் அறை தங்கும். இல்லாவிட்டால் வேறு அறை கிடையாது; அறை இல்லாமல் வானொலி கிடையாது. இருபத்திரண்டு வருடமாகச் சனிக்கிழமை என்றால் க்ளெனிஸுக்கு இந்த அறைதான். அதை நாற்காலிகளுக்கு விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.

ஆதாரம் அவளிடம் கைவசம் இருந்தது. சனிக்கிழமை நண்பகலில் தொண்டர்கள் ஆளுக்கொரு வார்டுக்குப் போய், யாருக்கு எந்தப் பாட்டு வேண்டும் என்று சீட்டில் எழுதி வருவார்கள். மூன்று மணிக்கு எல்லோரும் இந்த அறையில் கூடி அந்தப் பாட்டுகளைப் போடுவார்கள். கட்டில் தலைமாட்டில் தொங்கும் காதுக்கருவியை மாட்டிக்கொண்டால் நோயாளிக்குக் கேட்கும். அந்தச் சீட்டுகளை வார்டுவாரியாகக் கட்டி வைத்திருந்தாள். மார்ச் முதல் இன்றுவரை ஆறாம் வார்டிலிருந்து மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு. மருத்துவமனையிலேயே அதிகம். அதுவும் அவளே போகும் வார்டு.

"நோயாளி ஒருத்தர் கைப்பட ரெண்டு வரி எழுதிக் கொடுத்தா இன்னும் பலமா இருக்கும்" என்று எழுந்தாள்.

"என்னைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதச் சொல்லு" என்றார் க்ளிஃபோர்ட்.

ஆறாம் வார்டில் ஜன்னலோரக் கட்டில் ஏமஸ் ஹெப்டனுடையது. எழுபத்தெட்டு வயது, சுரங்கத் தொழிலாளி, இடுப்பெலும்பு முறிந்து ஐந்து வாரமாகப் படுத்திருக்கிறார். ஐந்து சனிக்கிழமையும் பித்தளை வாத்தியக் குழுவின் இசைதான் கேட்டார். ஒவ்வொரு வாரமும் "போன வாரம் போட்டது அருமை" என்றார்.

க்ளெனிஸ் தாளையும் பேனாவையும் நீட்டினாள். "ரெண்டே வரி, ஏமஸ். சனிக்கிழமை எங்க நிகழ்ச்சியைக் கேக்கும்போது எப்படி இருக்குன்னு."

அவர் பேனாவைத் திறந்தார். மூடினார். பக்கத்துக் கட்டில்காரரைப் பார்த்தார். அவர் சட்டென்று செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டார்.

"கையெழுத்தும் போடணுமா, கண்ணு?"

"போட்டா நல்லது."

"அப்ப வேண்டாமே. வாயால சொல்றது வேற. கையெழுத்துப் போட்டுப் பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை."

"என்ன பொய்?"

ஏமஸ் தலைமாட்டிலிருந்த காதுக்கருவியை எடுத்து அவள் கையில் வைத்தார். அன்று சனிக்கிழமை, மணி மூன்றேகால். கீழே க்ளிஃபோர்ட் பேசிக்கொண்டிருக்கும் நேரம். காதில் வைத்தாள். குழாயில் காற்று போகிற சத்தம்கூட இல்லை. பக்கத்துக் கட்டிலுடையதை எடுத்தாள். அதிலும் இல்லை. எதிர்வரிசையில் மூன்று பார்த்தாள்.

"எவ்வளவு நாளா?"

"நான் வந்ததுலேருந்து. எனக்கு முன்னாடி இருந்தவர் போகும்போது சொல்லிட்டுப் போனார், சனிக்கிழமை ஒரு அம்மா சீட்டோட வருவாங்க, ஏதாவது ஒரு பாட்டு கேளு, கேக்கலைன்னு மட்டும் சொல்லிடாதேன்னு."

"ஏன் சொல்லக்கூடாது?" அவள் குரல் வார்டின் மறுகோடிவரை போயிற்று.

"சொல்றதுக்கு என்னமோ மாதிரி இருந்துச்சும்மா" என்றார் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்தவர். "நீங்க அவ்வளவு அக்கறையா எழுதிக்கிறீங்க."

"ஆறு மாசம்! ஒருத்தருக்குக்கூட வாய் திறக்கத் தோணலையா? சூடான தண்ணிப் பையில ஓட்டைன்னாலும் நன்றின்னு சொல்லிட்டு நனைஞ்சுகிட்டே படுத்திருப்பீங்களா?"

"அது ஒருதடவை நடந்துச்சு" என்றார் ஏமஸ்.

வார்டுத் தலைமைச் செவிலியைப் பிடித்தாள். மார்ச்சில் சுவருக்கு வண்ணம் அடித்தவர்கள் கதவுக்குப் பின்னாலிருந்த இணைப்புப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த ஓட்டையைப் பூசி மேலே பச்சை அடித்துவிட்டார்கள். "நான் அப்பவே பராமரிப்புக்குச் சொன்னேனே. அது வானொலிக்காரங்க கம்பி, அவங்கதான் பாக்கணும்னாங்க. உங்ககிட்ட சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்."

யாரும் சொல்லவில்லை. பாட்டுப் போடும் நேரத்தில் தொண்டர்கள் அத்தனை பேரும் அறைக்குள் இருந்தார்கள். முப்பத்தைந்து வருடத்தில் ஒருவர்கூட வார்டில் உட்கார்ந்து கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை க்ளிஃபோர்ட் திருப்புளியோடு வந்தார். பச்சைப் பூச்சைச் சுரண்டி, கம்பியைத் தேடிப்பிடித்து, புதுப் பெட்டி மாட்டினார். பேச்சு எப்படியோ, கைவேலையில் குறை சொல்ல முடியாது. இரண்டு மணிக்குள் இருபத்துநான்கு கட்டிலிலும் ஒலி வந்துவிட்டது.

"முடிஞ்சது கதை" என்று கைதுடைத்தார். "இடைவிடாத முப்பத்தஞ்சு வருஷச் சேவைன்னு எழுது."

"இடையில ஆறு மாசம் விட்டிருக்கே."

"நாம விட்டோமா? நாம ஒழுங்கா ஒலிபரப்பினோம். அவங்களுக்குக் கேக்கலைன்னா அது நம்ம தப்பா?"

"கேக்கறதுக்குத்தானே ஒலிபரப்பு!"

"ஏம்மா க்ளெனிஸ், யோசிச்சுப் பாரு. யாருக்குத் தெரியப்போகுது? அந்த வார்டே சொல்லாது. செத்தாலும் சொல்லாது. உன் நேர்மையைத் தூக்கிட்டுப் போய் அந்த நிர்வாக அதிகாரி பென்ரோஸ் மேசையில வச்சா, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இங்க சக்கர நாற்காலி நிக்கும்."

அவர் சொன்னது உண்மைதான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. வீட்டுக்குப் போய்த் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, அந்த இருநூற்றுப் பன்னிரண்டைப் பார்த்தாள். அந்த எண்ணை விட்டுவிட்டு எழுதினால் ஆதாரம் இல்லை. அதை எழுதிவிட்டு மற்றதை மறைத்தால், தன் கையெழுத்துக்கு மேலே பொய் நிற்கும். ஒரு சுரங்கத் தொழிலாளி படுத்த படுக்கையில் செய்ய மறுத்ததைப் பள்ளிக்கூடச் செயலாளர் செய்வதா? க்ளிஃபோர்ட் கேட்ட மழையை விட்டுவிட்டு, அந்த இடத்தில் ஆறாம் வார்டை எழுதினாள்.

கூட்டத்தில் நிர்வாக அதிகாரி பென்ரோஸ் அந்தப் பத்தியை இரண்டுமுறை வாசித்தார். புன்னகைத்தார்.

"ஆறு மாசமா ஒரு வார்டுல வானொலி இல்லை. ஒரு புகார்கூட வரலை. அப்போ இது யாருக்கும் தேவைப்படலைன்னு எடுத்துக்கலாம், இல்லையா?"

க்ளிஃபோர்ட் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தார். நான் சொல்லவில்லையா என்று அர்த்தம்.

க்ளெனிஸுக்குப் பன்னிரண்டு நாள் பொறுமையும் அந்த இடத்தில் அறுந்தது. "புகார் வரலைன்னா எல்லாம் சரின்னு அர்த்தமா, ஐயா? அந்த வார்டுக்கு மத்தியானம் வர்ற சூப் ஆறி, மேல ஆடை கட்டித்தான் வருது. நான் சனிக்கிழமைதோறும் கண்ணால பாக்கறேன். அதுக்கு எத்தனை புகார் வந்துச்சு?"

"உணவுல நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு பேர் திருப்தின்னு எங்க கணக்கெடுப்பு சொல்லுது."

"எப்படிக் கேட்டீங்க?"

"கட்டில் கட்டிலா போய், மரியாதையா விசாரிச்சோம்."

"நானும் அப்படித்தான் விசாரிச்சேன். எனக்கு நூத்துக்கு நூறு."

குழுத்தலைவி திருமதி கிரேவன் கண்ணாடியைக் கழற்றினார். "மிஸ்டர் பென்ரோஸ், அந்தத் தொண்ணூத்தெட்டை நாம வருடாந்தர அறிக்கையில போட்டுட்டோமா?"

"அச்சுக்குப் போயிடுச்சு" என்றார் அவர், மெதுவாக.

அதன்பிறகு சக்கர நாற்காலியைப் பற்றி யாரும் பேசவில்லை. முடிவு கால்மணியில் வந்தது. அறை ஒரு வருடத்துக்கு வானொலிக்கே. ஒரே நிபந்தனை: ஒவ்வொரு வாரமும் நோயாளிகள் தாங்களே, பெயர் போடாமல், கேட்டதையும் குறையையும் தாளில் எழுதிப் பெட்டியில் போடவேண்டும். பெட்டி வைப்பதும் திறப்பதும் கோப்பில் சேர்ப்பதும் திருமதி ஹார்க்ரீவ்ஸ் பொறுப்பு. சூப்புக்கும் சேர்த்து.

"எனக்கு வேற வேலை வேண்டாமா?" என்று தாழ்வாரத்தில் பொருமினாள்.

"மழையை எழுதியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது" என்றார் க்ளிஃபோர்ட்.

அடுத்த சனிக்கிழமை, ஆறு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக, ஆறாம் வார்டுக்கு நிகழ்ச்சி கேட்டது. அதற்கடுத்த சனிக்கிழமை அந்த வார்டுப் பெட்டியில் பத்தொன்பது தாள். வாயைத் திறக்காத மனிதர்களுக்குக் கையில் தாளைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அன்று தெரிந்தது. இரண்டு தாளில் சூப். பதினேழில் ஒரே விஷயம். பாட்டு நன்றாகக் கேட்கிறது, நடுவில் பேசுகிறவர் எப்போது நிறுத்துவார்? 'மூன்று பாட்டுக்கு அரைமணி பேச்சு' என்று ஒருவர். 'கம்பியை மறுபடி வெட்டலாமா?' என்று இன்னொருவர். பேச்சு ஏமஸுடையது மாதிரி இருந்தது.

அவள் அவற்றை வரிசைப்படுத்தி, தேதி போட்டு, மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் முன்பு க்ளிஃபோர்டின் முன் வைத்தாள். அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். காது சிவந்தது. மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. க்ளிஃபோர்ட் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வணக்கம் நேயர்களே. இன்னிக்கு நான் அதிகம் பேசப்போறதில்லை" என்று தொடங்கி, ஏன் பேசப்போவதில்லை என்பதைப் பதினோரு நிமிடம் விளக்கினார்.