ஆற்றுக்காரர்கள் ஓடிய கதை

அக்காவும் தம்பியும் ஒன்பது வருஷமாகச் சேர்ந்து எழுதிவந்த மாயாஜாலக் கதை அது. ஆற்றுக்காரர்கள் அக்காவின் பொறுப்பு, மலைக்காரர்கள் தம்பியின் பொறுப்பு. மழை வரவழைக்கும் ஒரே ஒரு கல்லுக்காக இரண்டு கூட்டமும் அடித்துக்கொள்ளும். ஜெயிப்பதற்காக மலைக்காரர்கள் எந்தப் புளுகும் புளுகுவார்கள். ஆற்றுக்காரர்களோ தோற்றாலும் காயம்பட்டவனை விட்டுவிட்டு ஓடமாட்டார்கள். யார் பக்கம் நியாயம் என்று வாசகர்கள் கடிதம் போட்டு மல்லுக்கு நிற்பார்கள்.

இருவருக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. அவரவர் ஆட்களை அவரவர்தான் எழுத வேண்டும். மற்றவர் படித்துப் பக்கத்துக்குப் பக்கம் மூலையில் கையெழுத்துப் போட்டால்தான் அச்சகத்துக்குப் போகும். கடைசிப் பாகம் முடிகிற நேரத்தில் அக்காவின் மகளுக்குப் பிரசவம். அக்கா கெட்டிக்காரிதான், தம்பி என்று வந்துவிட்டால் மட்டும் மூளையைக் கழற்றி வைத்துவிடுவாள்.

"உன் பங்கை எழுதி அனுப்பிடுடா. உன்னை நம்பாம யாரை நம்பப்போறேன்?" என்று நாற்பது வெள்ளைத்தாள்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பேரனைப் பார்க்கப் போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது மேஜையில் அச்சுப்படி கிடந்தது. படித்தாள். அடப்பாவி! அவளுடைய ஆற்றுக்காரர்கள் காயம்பட்ட முப்பது பேரைக் கரையிலேயே போட்டுவிட்டுப் படகேறி ஓடியிருந்தார்கள். அவள் பிள்ளைபோல வளர்த்த ஒற்றைக்கண் படகோட்டியும் கரையில் கிடந்தான்.

"என்னடா இது?"

"ரெண்டு பக்கமும் அழுக்கு இருந்தாத்தான்கா கதை நிஜமா இருக்கும். அச்சகத்துல எல்லாரும் அசந்துட்டாங்க."

"என் ஆளுங்களைத் தொட்டிருக்கே. ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா ஒத்துக்கமாட்டே." மூல எழுத்துப்படியை எடுத்து மூலையைக் காட்டினான். "உன் கையெழுத்து இருக்கே."

மலைக்காரர்களை அவன் கற்பனை செய்துதான் எழுதுகிறான் என்று இத்தனை வருஷமும் அவள் நினைத்திருந்தாள்.

"அந்தப் படகோட்டியை மட்டுமாவது தூக்கிட்டுப் போகட்டும்டா. நாலு வரிதான், நானே எழுதித் தரேன்." கெஞ்சுகிறோம் என்று அவளுக்கே தெரிந்தது, அவமானமாக இருந்தது.

"இனிமே ஒண்ணும் மாத்த முடியாதுக்கா. மத்ததெல்லாம் அச்சாயிடுச்சு, அட்டையும் முதல் பக்கமும்தான் பாக்கி. வாங்கிட்டுப் போக அச்சகத்து ஆள் வந்துட்டிருக்கான்."

அக்கா முதல் பக்கத்தை இழுத்துத் தன் பெயரைச் சிவப்பு மையால் அடித்தாள். ஒரு தடவை அடித்தது போதாமல் தாள் கிழியும்வரை அடித்தாள்.

"என் ஆளுங்க அப்படி ஓடமாட்டாங்க. இதை நான் எழுதலை. உன் பேரை மட்டும் போட்டுக்கோ."

தம்பி கிழிந்த தாளைக் கையில் எடுத்தான். கண்கூடக் கலங்கியது. அவன் தடுப்பான், வேண்டாம் என்று கையைப் பிடிப்பான் என்று அவள் காத்திருந்தாள்.

"சரிக்கா," என்றான். "அப்போ அனுப்பிடலாமா?"