பிடிபட்ட ஓணான்

பால்கனித் தொட்டிச் செடியில் வந்து உட்காரும் ஓணானைப் படம் எடுக்க, துணிக்கடைக்காரர் ஒரு வாரமாகத் தவம் கிடந்தார். "ராசா, கொஞ்சம் அசையாம இருப்பா" என்று தினமும் கெஞ்சினார். இன்று உச்சிவெயிலில்தான் அது மசிந்தது. முள்முதுகும் சிவந்த தாடையும் கைபேசியில் அச்சாக விழுந்தன.

சந்தோஷத்தில் கத்தினார்: "அடியே, ஓணானைப் பிடிச்சுட்டேன்!"

ஓடிவந்த மனைவி கண்ணாடிக் கதவைச் சாத்தித் தாழ்போட்டாள்.

"அதோட உள்ள வந்தீங்க, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்!"

"படம்தான்டி பிடிச்சேன்! கால் சுடுது, திற."

"சாயம் போகாதுன்னு சொல்லியே சேலை விக்கிற வாய்தானே இது? முதல்ல அந்த ஓணான் போகட்டும், அப்புறம் திறக்கறேன்."

வெறுங்காலை மாற்றி மாற்றித் தூக்கியபடி அவர் ஓணானை விரட்டக் கையை ஓங்கினார். அது ஒரே தாவாகத் தாவிக் கதவின் கைப்பிடியில் உட்கார்ந்துகொண்டது. உள்ளே மனைவி அலறினாள். திரைச்சீலையையும் இழுத்து மூடினாள்.

"ராசா, போயிடுப்பா" என்று மறுபடி கெஞ்சினார்.

விலையைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வாங்காமலே நிற்கும் வாடிக்கையாளரைப் போல ஓணான் தலையை நன்றாக ஆட்டியது. இடத்தை விட்டு மட்டும் நகரவில்லை.