சித்திரையில் காய்ச்சிய தார்

வளைந்த இரும்பை நிமிர்த்துகிற சத்தத்தைப் பதினோரு நாள் பக்கத்திலிருந்து கேட்டவள் வாயில் நல்ல வார்த்தை வராது. அதற்கு முன்பும் எனக்கு அதிகம் வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு முற்றம் ஒரு கிணற்றுக்கும் இரண்டு தென்னைக்குமே போதாது. அதில் என் அண்ணன் சுப்புராஜ் தன்னுடைய ஜீப்பைக் கொண்டுவந்து பிரித்துப் போட்டிருந்தான். பட்டாள ஏலத்தில் எடுத்த பழைய வண்டி. அடிமாலிப் பக்கத்து மலையிலிருந்து கொச்சங்காடிக் குடோன்களுக்கு மிளகு மூட்டை இறக்கும். எண்பத்தொன்றாம் வருஷம் ஆனி மாத மழையில் நேரியமங்கலத்துக்கு மேலே பள்ளத்தில் பாய்ந்துவிட்டது. மூட்டைகள் ஆற்றோடு போயின. வண்டியின் அடிச்சட்டம் இடது பக்கம் மடங்கியது. ஓட்டிய மனுஷனுக்கு இடது கால் இரண்டு இடத்தில் ஒடிந்தது.

ஓட்டிய மனுஷன் என் வீட்டுக்காரர். பெயர் வீரபாண்டி. எங்கள் உசிலம்பட்டிப் பக்கம் பொம்பளை புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். நான் கோபம் வந்தால் சொல்வேன். வண்டி கவிழ்ந்த பிறகு நாற்பது நாளும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவர் முதலில் சொன்னது இதுதான்: "வண்டி தானா எடது பக்கம் போச்சு, ஒச்சு."

"தானாப் போக அதுக்கென்ன புத்தி மொளச்சிருக்கா? தூங்கிட்டேன்னு சொல்லுய்யா வீரபாண்டி. அண்ணன் ஊரெல்லாம் சொல்லியாச்சு."

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அண்ணன் உண்மையாகவே ஊரெல்லாம் சொல்லியிருந்தான். சாயாக் கடையில், படகுத் துறையில், குடோன் வாசலில். 'மாப்ள ஸ்டியரிங்ல தூங்கிட்டான், என் வண்டி போச்சு.' குடோன்களில் எந்த வண்டிக்கு மூட்டை ஏற்றுவது என்று சொல்கிறவர் பிச்சைமணி அண்ணாச்சி. மூட்டை தூக்குகிறவர்களுக்குத் தலைவர், தூத்துக்குடிக்காரர். தூங்குகிறவன் ஓட்டுகிற வண்டியில் இனி ஒரு மூட்டை ஏறாது என்று அவர் சொல்லிவிட்டார். ஸ்டியரிங்கைத் தவிர வேறு தொழில் தெரியாத மனுஷனுக்கு அத்தோடு எல்லாம் முடிந்தது. பார்க்க வருகிறவர்களிடம் அவரே, "கண்ணசந்துட்டேன் போல," என்று சொல்ல ஆரம்பித்தார். ஒப்புக்கொண்ட பிறகாவது என் ஆத்திரம் ஆறியதா என்றால் இல்லை. காலையில் கஞ்சியோடு ஒரு தடவை, சாயங்காலம் சாயாவோடு ஒரு தடவை திட்டினேன்.

தோப்பும்படியில் வரிசையாகப் பட்டறைகள் இருக்க, எதற்கு வீட்டில் வைத்து நிமிர்த்துகிறாய் என்று அண்ணனைக் கேட்டேன்.

"அங்க போட்டா ஓணத்துக்கும் வராது. நானே பாத்துக்கறேன். ஒம் புருசன் மடக்குன வண்டிதானே, நீ கொஞ்சம் கை குடு."

அப்படிச் சொன்ன பிறகு எப்படி மறுப்பது? சமையலை முடித்துவிட்டு வந்து சரடு பிடித்தேன். சக்கரம், எஞ்சின், மேல்கூடு எல்லாம் கழற்றிய சட்டத்தை நாலு கல்லின்மேல் மட்டமாக வைத்து, மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு சரடு பிடிக்க வேண்டும். இரண்டும் ஒரே நீளமாக வந்தால் சட்டம் நேர். எங்களுக்கு நாலு விரல்கடை வித்தியாசம் வந்தது. கிணற்றடித் தென்னையில் செயின் பிளாக்கைக் கட்டி, மடங்கிய இடத்தில் கொக்கியை மாட்டி இழுத்தான். அந்தச் சாமானில் சங்கிலியைக் கையால் உருட்டினால் போதும், பொம்பளை இழுத்தாலும் டன் கணக்கில் இழுக்கும். பாதி நேரம் உருட்டியது நான்தான்.

அவன் செய்த வேலை எனக்குப் பிடிபடவில்லை. கொஞ்சம் இழுப்பான், உடனே தளர்த்துவான். இரும்பு பழையபடி போய் நிற்கும். மறுநாளும் அதே கதை. தீ மூட்டிப் பழுக்க வைத்து இழுக்கலாமே என்றேன். "தீ வச்சா இரும்பு பலம் போயிரும். நீ என்ன எஞ்சினியரா?" என்றான். சட்டம் முழுவதையும் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவியவன், மடங்கிய இடத்தை மட்டும் சேறும் தாருமாக அப்படியே விட்டிருந்தான்.

என் வீட்டுக்காரர் வாசலை ஒட்டிய கட்டிலில் மாவுக்கட்டோடு கிடந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் மெதுவாக, "மச்சான், அந்த மடங்குன எடத்துல, முன் வில்லு பிளேட்டு கட்டுற பக்கம் சொரண்டிப் பாருங்க," என்றார்.

"கண்ண மூடிக்கிட்டு ஓட்டுனவன் எனக்கு எடம் காட்டுறியா?" என்றான் அண்ணன்.

நான் சிரித்தேன். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது, சத்தமாகத்தான் சிரித்தேன்.

பன்னிரண்டாம் நாள் வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை களமசேரியிலிருந்து ஒரு ஆள் ஜீப்பைப் பார்த்து வாங்க வருகிறான் என்று அண்ணன் சொல்லியிருந்தான். அன்றும் இரண்டு இழுப்பு இழுத்துக் கொக்கியை அப்படியே விட்டுவிட்டுச் சாயா குடிக்கப் போனான். எனக்குப் பொறுமை போய்விட்டது. இந்த ஜென்மத்தில் இவன் நிமிர்த்தப்போவதில்லை, என் முற்றமும் எனக்குத் திரும்பி வரப்போவதில்லை என்று திட்டிக்கொண்டே சங்கிலியைப் பிடித்து உருட்டினேன். தென்னை முனகியது. நான் நிறுத்தவில்லை. டக்கென்று ஒரு சத்தம்.

சட்டத்தின் அடிப்பக்கம் வாய் பிளந்து நின்றது. சுண்டுவிரல் நுழையும்.

ஐயோ, வண்டியை ஒடித்துவிட்டேனே என்று குனிந்து பார்த்தேன். அப்போதுதான் உடைந்த இரும்பு என்றால் வெள்ளையாக மின்ன வேண்டும். மேல் ஓரத்தில் நகக்கண் அளவுக்குத்தான் மின்னியது. மீதி முழுக்கக் கறுப்பு. விரலை விட்டேன், பிசுபிசுத்தது. மோந்து பார்த்தேன். தார்.

அந்தத் தாரைக் காய்ச்சியவளே நான்தான். இந்த ஊர் உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும் என்று மழைக்கு முன்னால் வண்டிக்கு அடியில் தார் பூசுவார்கள். சித்திரையில் பிச்சைமணி அண்ணாச்சி படகுக்காரர்களிடமிருந்து ஒரு டின் வாங்கிக் கொடுத்தார். என் அடுப்பில், விளிம்பு உடைந்த சட்டியில் காய்ச்சினேன். அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, "இங்க இன்னொரு கை தாரு குடு, இன்னொரு கை குடு," என்று ஒரே இடத்துக்கு மூன்று தடவை கேட்டான். அதற்கு முந்தைய நாள் சோற்று நேரத்தில் என் வீட்டுக்காரர் அவனிடம், "பிரேக் புடிச்சா எடது பக்கம் இழுக்குது மச்சான், அடியில பாக்கணும்," என்று சொன்னார். நான்தான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். இரண்டும் என் காதில் விழுந்தவைதான். ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

சித்திரையிலேயே உடைசல் இருந்ததால் தார் உள்ளே போனது. வண்டி கவிழ்ந்து சட்டம் மடங்கியபோது அந்த வாய் மூடிக்கொண்டது. நிமிர்த்தினால் திறந்துவிடும், தீ வைத்தால் தார் உருகிவிடும், பட்டறையில் விட்டால் யாராவது பார்த்துவிடுவார்கள். பதினோரு நாளாக அண்ணன் செய்த கூத்துக்கெல்லாம் ஒரு நொடியில் அர்த்தம் விளங்கியது.

அண்ணன் திரும்பி வந்தான். என் முகத்தைப் பார்த்தான், பிறகு சட்டத்தை.

"உப்புக்காத்து," என்றான். "நாப்பது நாளு மழையில கெடந்தா உடைசல் கறுக்காதா?"

"துரு செவப்பு. இது தாரு. மோந்து பாக்குறியா?"

"கத்தாத ஒச்சு. பக்கத்துல ஆளுக கேக்கும்."

"கேக்கட்டும்! தெரிஞ்சுதானே பூசுன? தெரிஞ்சுதானே அவர மலைக்கு அனுப்புன?"

"வேணும்னா செஞ்சேன்? மழைக்கு முன்ன நாலு நடை ஓட்டிட்டு வெல்டு வைக்கலாம்னு இருந்தேன். ஒங்கள இந்த ஊருக்குக் கொண்டாந்து குடிவச்சது யாருன்னு மறந்துறாத."

"கொண்டாந்து பள்ளத்துல தள்ளுனியே, அத மறப்பேனா?"

"நாளைக்கு வண்டிய வித்துட்டா எல்லாம் தீந்துரும். மாப்ளைக்கு நான் ஒரு வழி பண்றேன்."

"வாங்குறவன் வீட்டுலயும் ஒருத்தி என்னய மாதிரி நாப்பது நாளு நாசமாப் போகணுமா?"

அவன் செயின் பிளாக்கைப் பார்த்து நடந்தான். எனக்குப் புரிந்துவிட்டது. சங்கிலியைத் தளர்த்தினால் வாய் மறுபடி மூடிக்கொள்ளும். கீழே கிடந்த பெரிய ஸ்பானரை எடுத்துக்கொண்டு தென்னைக்கு முன்னால் போய் நின்றேன்.

"தொட்டா மண்டைய ஒடச்சுப்புடுவேன். அண்ணன்னுகூட பாக்க மாட்டேன்."

மதிலுக்கு மேல் பக்கத்து வீட்டு லதீஃபாவின் தலை தெரிந்தது. "எந்தா ஒச்சம்மா, என்ன பஹளம்? சண்டையா?"

"ஓடிப்போயி குடோன்லருந்து பிச்சைமணி அண்ணாச்சியக் கூட்டிட்டு வா லதீஃபா. அவுக குடுத்த தாரப் பாக்கணுமாம்னு சொல்லு."

அண்ணாச்சி வரும்வரை நானும் அண்ணனும் எதிரெதிரே நின்றோம். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர், நடுவில் ஒரு ஸ்பானர். இரண்டு தடவை அவன் காலை முன்னால் வைத்தான். இரண்டு தடவையும் நான் கையை ஓங்கினேன். உண்மையாகவே அடித்திருப்பேன்.

பிச்சைமணி அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். உடைசலுக்குள் விரலை விட்டு எடுத்து, கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தார். அவரோடு வந்த நாலு பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

"ஏ சுப்புராஜு, இது சித்திரைல நான் குடுத்த தாருல்லா?"

அண்ணன் கிணற்றைப் பார்த்தான்.

"வண்டி கவுந்தது ஆனிலல்லா? பெறவு எப்பிடிவே தூங்கினான்னு என்கிட்ட வந்து சொன்ன? ஒன் பேச்சக் கேட்டு அந்தப் பயல வாசல்ல ஏத்தாதன்னு நான் சொல்லிட்டனே." என் பக்கம் திரும்பினார். "கால் தேறினதும் அவன குடோனுக்கு வரச் சொல்லு தாயி. இவன் வண்டி இனிமே அந்தத் தெருவுக்குள்ள வராது."

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். போகும்போது, "நல்லா இருங்க," என்றான். வாழ்த்து இல்லை என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். நானும் அதையே திருப்பிச் சொன்னேன்.

எல்லோரும் போன பிறகு ஸ்பானரைக் கீழே போட்டேன். ஜெயித்துவிட்டோம் என்று இருந்தது. தார் அப்பிய விரலோடு உள்ளே ஓடினேன்.

"ஏங்க," என்றேன். நாற்பது நாளுக்குப் பிறகு அப்படிக் கூப்பிடுகிறேன். "ஏங்க, பாத்தீங்களா? நீங்க தூங்கல. அண்ணாச்சியே சொல்லிட்டாரு."

அவர் என் விரலைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்து நின்றேன்.

"மொத நாளே ஒன்கிட்ட சொன்னேனே, ஒச்சு."

கட்டுப் போட்ட காலை இரண்டு கையாலும் தூக்கி வைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தார்.

"ஆமா," என்றேன். "சொன்னீங்க."