அழகம்மா வைத்த கடை

தோட்டத்து ரேசன் ஸ்டோர் கதவு இன்னும் திறக்கவில்லை. வாசலில் சாக்குப் பைகள்தான் வரிசையில் நின்றன, காற்றுக்குப் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல். பைக்காரப் பெண்கள் மண்மேட்டில் குந்தியிருந்தார்கள். ரிவர்ஸ்டன் மலைப் பக்கத்துப் பனி கீழே இறங்கிக்கொண்டிருந்தது. எழுபத்து நாலாம் வருசம். வாரத்தில் மூன்று நாள்தான் தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலை, ரேசன் கோதுமை மாவும் பாதி. அந்தப் பாதியும் போன வாரம் வரவில்லை.

அழகம்மா சின்னவளை மடியில் போட்டிருந்தாள். மூன்று வயதுப் பிள்ளைக்குக் கால் இரண்டும் வீங்கிப் பளபளத்தன.

"ஒரு ரொட்டி வயித்துல விழுந்துட்டா எந்திரிச்சு நடப்பா அக்கா," என்றாள் பக்கத்திலிருந்த சுந்தரம்மாவிடம். "இவ அப்பா நாவுல ஊருப் பக்கம் வயல் வேல தேடிப் போனவரு, ஒரு தகவலும் இல்ல."

"இன்னைக்கு லொறி வரும்னாங்க. பாப்போம்."

சாக்குப் பைகளருகே நின்ற மூத்தவள் சந்திரகாந்தாவுக்கு ஆறு வயது. வாத்தியார் மாறிப் போனதிலிருந்து தோட்டப் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. மூன்றாம் வகுப்பு படித்த அழகம்மா சும்மா விடுவாளா? குடியிருந்த லயத்துக் காம்பராவிலேயே விளையாட்டுக் கடை வைத்துவிட்டாள். காலிப் பால் டின்களில் கரியால் மா, சீனி, பருப்பு என்று எழுதி, உள்ளே செம்மண் நிரப்பினாள். எழுத்தில் விரல் வைத்து வாசித்தால்தான் சாமான்.

"மொதலாளி, மா இருக்குங்களா?" என்று தாய் கும்பிட்டுக் கேட்பாள். "இருக்கு, இருக்கு. எத்தன ராத்தல்?" என்று மகள் இல்லாத தொந்தியைத் தள்ளுவாள். பசியை மறக்கடிக்க அந்த வீட்டில் வேறு என்னதான் இருந்தது! சின்னவள் மட்டும் கண் தப்பினால் மா டின்னில் கை விட்டு மண்ணைத் தின்பாள்.

ஸ்டோருக்குப் பொறுப்பான நடராஜா கிளாக்கர் வந்தார். கதவைத் திறக்காமல், கையிலிருந்த அட்டையை ஆணியில் மாட்டினார். யார் முகத்தையும் பாராமல் ஆபீஸ் பக்கம் நடந்தார்.

சந்திரகாந்தா ஓடினாள். எக்கி நின்று முதல் எழுத்தில் விரல் வைத்தாள்.

"மா! அம்மா, மா போட்டிருக்கு! மா வந்துருச்சு!"

பெண்கள் எழும்பிக் கல்லைத் தள்ளிப் பைகளை உதறினார்கள். அவர்களில் வாசிக்கத் தெரிந்தவர்கள் யார்? சுந்தரம்மா பிள்ளையைத் தூக்கி முத்தம் கொடுத்தாள். "எங்க ராசாத்தி! ஒங்கம்மா சொல்லிக் குடுத்தது வீண் போகல பாரு!"

அழகம்மா சின்னவளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கிட்டப் போனாள். அட்டையை முழுசாக வாசித்தாள்.

"மா இல்லையாம் அக்கா."

"அட பாவிங்களா!" என்று யாரோ மண்ணை வாரிக் கதவில் இறைத்தாள். சந்திரகாந்தா தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்தாள். அழகம்மாவுக்கு அவளை அடிக்கவும் வந்தது, அணைக்கவும் வந்தது. இரண்டையும் செய்யாமல் வீட்டுக்கு நடந்தாள்.

பகலில் மகள் மறுபடியும் டின்களை அடுக்கினாள். சின்னவள் சாக்கில் படுத்தபடியே தகரக் கோப்பையை நீட்டினாள். "மா..."

மூத்தவள் கிளாக்கரைப் போலக் கையைப் பின்னால் கட்டி, வேறெங்கோ பார்த்தாள். "மா இல்ல. போ."

"ஏன்டி அப்பிடிச் சொல்ற? பச்சப் புள்ள," என்றாள் அழகம்மா.

"கடைன்னா அப்பிடித்தாம்மா. இல்லைன்னு எழுதிக் காட்டு, நான் மாட்டணும்."

அழகம்மா கரியை எடுத்தாள். மகளின் கையைப் பிடித்து ஒவ்வொரு எழுத்தாக எழுத வைத்தாள். சின்னவள் கோப்பையை இன்னும் கீழே வைக்கவில்லை.