ஸ்டீல் கம்பி

தூத்துக்குடியில் கிட்டார் என்றால் வேதமணிதான். சர்ச்சிலும் கல்யாண வீட்டிலும் அவர் வாசிப்பார். உடைந்த கிட்டாரைச் சரிசெய்வதும் அவரே. அவருடையது கல்கத்தாவிலிருந்து வந்த ஒட்டுப்பலகைக் கிட்டார்.

புதுத் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை பார்த்த திரேஸ்புரத்து செபாஸ்டின் ஒருநாள் பழைய கிட்டார் ஒன்றோடு அவர் வீட்டுக்கு வந்தான்.

"ஸ்பெயின் கப்பல் சமையக்காரன் குடுத்தான் அண்ணாச்சி. காய்ச்சல்ல கெடந்தவன நாந்தான் ஆசுபத்திரிக்குக் கொண்டு போனேன். அவன் பாட்டன் காலத்து சாமானாம்."

வேதமணி அதைக் கையில் வாங்கினார். அப்பளம்போல அத்தனை லேசு. முன்பலகையில் மரத்தின் ரேகைகள் தலைமயிர் இழைகளாக நெருங்கி ஓடின. முதுகு கறுத்த ஈட்டி மரம். ஓசைத் துளையைச் சுற்றிப் பொடிப்பொடியான வண்ண மரச்சில்லுகளைக் கோலம்போலப் பதித்திருந்தார்கள். சவரக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். பலகையின் அடியில் மெல்லிய குச்சிகள் விசிறியாக விரிந்து ஒட்டப்பட்டிருந்தன. எங்கும் ஓர் ஆணி இல்லை. எல்லாம் வஜ்ஜிரப் பசைதான்.

இப்படியொன்றைத் தொட ஆயுள் முழுக்க ஏங்கியவர் அவர். அது வந்து சேர்ந்ததோ, காதால் கேட்டு நாலு பாட்டு வாசிக்கிறவனிடம்.

"பழசுதான். பரவாயில்ல," என்றார்.

"தந்தி அறுந்து போச்சே. ஸ்டீல் கம்பி போடலாமா?"

ஆட்டுக் குடல் நரம்புக்காகச் செய்த பலகை அது. ஸ்டீல் கம்பியின் இழுப்பைத் தாங்காது. அவருக்கு அது நன்றாகத் தெரியும்.

"போடேன்," என்றார்.

செபாஸ்டின் போட்டான். மாதா கோயிலில் அவன் வாசித்ததைக் கேட்டவர்கள் ஊரெல்லாம் அதையே பேசினார்கள். வேதமணியின் மனைவி ஞானபாக்கியமும், "மணி அடிச்ச மாதிரில்லா இருக்குன்னு சொல்லுதாவ," என்றாள். அவர் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். செபாஸ்டினைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கண் கிட்டாரின் பலகைக்குத்தான் போனது. கம்பிகளைக் கட்டிய கட்டைக்குப் பின்னால் மரம் மெல்ல மெல்லப் புடைத்து வந்தது. அதில் அவருக்கு ஒரு குரூரத் திருப்தி.

செபாஸ்டினின் தங்கை கல்யாணத்தில் இருவரையும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். இரண்டாம் பாட்டின் நடுவில் வேதமணியின் காதில் அந்தச் சத்தம் விழுந்தது. மரம் முனகியது. கட்டையின் விளிம்பில் நகம் நுழையும் அளவு இடைவெளி. விட்டால் இந்தப் பாட்டிலேயே பிய்த்துக்கொண்டு போகும்.

அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பாய்ந்து கிட்டாரின் கழுத்தைப் பிடித்து, கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். பாட்டு நின்றது.

"என்னய்யா பண்ணுதீரு? பொறாமையா?" செபாஸ்டின் கத்தினான்.

"ஸ்டீல் கம்பி இதுக்கு ஆகாதுலே. பலக பிஞ்சிரும்."

"அன்னைக்கு போடுன்னு சொன்னது நீருதான?"

"தெரிஞ்சேதான் சொன்னேன்."

பந்தலில் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். செபாஸ்டின் கிட்டாரை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். அவரை அடிக்கக்கூட இல்லை.

அவன் அதை மதுரைக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்து, இழுப்புக் குறைந்த நைலான் தந்தி போட்டு வந்தான். அடுத்த திருவிழாவில் கோயில் மதிலுக்கு வெளியே நின்று வேதமணி கேட்டார். முன்னைவிட ஆழமாக, தேன்போல இருந்தது நாதம். அது பிழைத்ததில் அவருக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் வயிற்றெரிச்சல் தணியவில்லை. பாட்டு முடியும் முன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.